பாக்டீரியா தன் சுவரை எப்படிக் கட்டுகிறது: புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாக்டீரியாவின் செல்சுவரைப் படிக்க உட்காரும் பலரும் ஒரே இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். பாடநூலைத் திறந்ததும் சுவரின் படம் வருகிறது: வரிசையாக அறுகோணங்கள், அவற்றிலிருந்து தொங்கும் அமினோ அமிலங்கள், இடையே குறுக்குக் கோடுகள். அதை அப்படியே உருப்போடுகிறார்கள். அடுத்த பக்கத்தில் நொதிகளின் பட்டியல், அதற்கடுத்த பக்கத்தில் மருந்துகளின் பட்டியல். மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. தேர்வு முடிந்த மறுநாள் மூன்றும் மறந்துபோகின்றன.

வேறு விதமாகத் தொடங்கலாம். சுவரை, எப்போதும் நடந்துகொண்டிருக்கும் ஒரு வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இங்கே வேலை நின்றுபோனால் செல் என்ன ஆகும்? நொதியும் மருந்தும் வடிவமும் இந்தக் கேள்வியில் தாமாகவே ஒன்றுசேர்ந்துவிடும். ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். வரையாமல் படித்தால் இந்தப் பாடம் தங்காது.

படி 1: அழுத்தத்திலிருந்து தொடங்குங்கள்

செல்லுக்குள் உப்புகள், சர்க்கரைகள், அமினோ அமிலங்கள், புரதங்கள் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. அதனால் வெளியே உள்ள நீர் சவ்வைக் கடந்து உள்ளே வர முயன்றுகொண்டே இருக்கிறது. இப்படி உண்டாகும் விறைப்பழுத்தம் ஈ. கோலை பாக்டீரியாவில் சுமார் 1 முதல் 3 வளிமண்டல அழுத்தம் என்று மதிப்பிடுகிறார்கள். பேசில்லஸ் சப்டிலிஸ் போன்ற தடித்த சுவர் உள்ளவற்றில் இது 10ஐயும் தாண்டும். கொழுப்பாலான மெல்லிய சவ்வு இதைத் தனியாகத் தாங்காது. சைக்கிள் டியூபை டயர் அடக்கிப் பிடிப்பதைப் போல, சுவர்தான் சவ்வை அடக்கிப் பிடிக்கிறது. ஆனால் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே டயரைப் பெரிதாக்க வேண்டும், காற்றும் இறங்கக் கூடாது என்றால் எப்படி இருக்கும்? பாக்டீரியாவின் நிலை அதுதான். ஈ. கோலை நல்ல ஊட்டத்தில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். ஒவ்வொரு பிரிவுக்கும் முன்பு சுவரை இரட்டிப்பாக்கியாக வேண்டும்.

வடிவம் சுவரில்தான் இருக்கிறது என்பதற்கு இரண்டு சான்றுகளை நினைவில் வையுங்கள். 1953இல் கிளாஸ் வைபுல், கோல் வடிவமுள்ள பேசில்லஸ் மெகாடீரியத்தைச் சர்க்கரைக் கரைசலில் வைத்து, சுவரைக் கரைக்கும் லைசோசைம் நொதியைச் சேர்த்தார். கோல்கள் உருண்டைகளாயின, ஆனால் உயிரோடு இருந்தன. கரைசலை நீர்க்கச் செய்தால் அவை வெடித்துவிடும். இரண்டாவது சான்று இதற்கு நேர் எதிரானது. ஈ. கோலையை டிடர்ஜென்ட் கரைசலில் கொதிக்கவிட்டு, சவ்வையும் புரதங்களையும் நீக்கினாலும் சுவர் மட்டும் மிஞ்சும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அது அதே கோல் வடிவத்தில், காற்றுப்போன பைபோலத் தட்டையாகக் கிடக்கும். 1964இல் வைடலும் பெல்சரும் இதைப் பை வடிவிலான ஒரே மாபெரும் மூலக்கூறு என்று விவரித்தார்கள். செல் போன பிறகும் வடிவம் சுவரில் நிற்கிறது, சுவர் போன பிறகு செல்லில் வடிவம் நிற்பதில்லை.

படி 2: ஓர் அலகை வரையுங்கள்

சுவரின் பொருள் பெப்டிடோகிளைக்கான். தாளில் இரண்டு வட்டங்களை அடுத்தடுத்து வரையுங்கள். ஒன்று என்-அசிட்டைல் குளூக்கோசமைன், மற்றொன்று என்-அசிட்டைல் மியூராமிக் அமிலம். சுருக்கமாக என்.ஏ.ஜி., என்.ஏ.எம். இந்த இரண்டும் மாறிமாறி வந்தால் சர்க்கரை இழை கிடைத்துவிடும். ஒவ்வொரு என்.ஏ.எம். வட்டத்திலிருந்தும் கீழ்நோக்கி ஐந்து அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு வாலைத் தொங்கவிடுங்கள். ஈ. கோலையில் வரிசை இது: எல்-அலனின், டி-குளூட்டமிக் அமிலம், டைஅமினோபைமெலிக் அமிலம், டி-அலனின், டி-அலனின். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸில் மூன்றாம் இடத்தில் லைசின் இருக்கும்.

கடைசி இரண்டு டி-அலனின்களைச் சிவப்புப் பென்சிலால் குறியுங்கள். பாதிக் கதை அவற்றைச் சுற்றித்தான் நடக்கிறது. எல், டி என்பவை ஒரே அமினோ அமிலத்தின் கண்ணாடிப் பிம்பம்போன்ற இரண்டு வடிவங்கள். செல்லின் புரதத் தொழிற்சாலையான ரைபோசோம் கட்டும் புரதங்களில் எல் வடிவ அமினோ அமிலங்கள்தான் வரும். இங்கே டி வடிவங்கள் இருப்பதால் புரதங்களை வெட்டும் வழக்கமான நொதிகள் இந்த வாலை எளிதில் தொட முடியாது. வாலைக் கட்டுவதும் ரைபோசோம் இல்லை. ஒவ்வோர் இணைப்புக்கும் தனித்தனி நொதி உண்டு.

இப்போது பக்கத்தில் இன்னோர் இழையை வரைந்து, ஒரு வாலின் நான்காம் அமினோ அமிலத்தை அடுத்த வாலின் மூன்றாவதோடு கோடு போட்டு இணையுங்கள். இணையும்போது ஐந்தாவது டி-அலனின் கழன்று விழும். அதை அழித்துவிடுங்கள். ஸ்டஃபைலோகாக்கஸில் இரண்டு வால்களும் நேரடியாக இணைவதில்லை, இடையே ஐந்து கிளைசின்கள் கொண்ட பாலம் இருக்கும்.

இழைகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். புதிதாகப் படிப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். கோல் வடிவச் செல்லில் சர்க்கரை இழைகள் ஏறத்தாழ சுற்றுவாக்கில், அதாவது நீளத்துக்குக் குறுக்கே செல்கின்றன. வால்களின் இணைப்புகள் நீளவாக்கில் அமைகின்றன. அழுத்தம் நிறைந்த எந்த உருளையிலும் சுற்றுவாக்கில் உண்டாகும் இழுவிசை, நீளவாக்கில் உண்டாவதைப்போல் இரண்டு மடங்கு. அதனால் விறைப்பான சர்க்கரை இழை அதிகச் சுமை உள்ள திசையிலும், நெகிழும் பெப்டைடு வால் குறைந்த சுமை உள்ள திசையிலும் இருக்கின்றன. செல் தடிக்காமல் நீள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஈ. கோலையில் இந்த வலை பெரும்பாலும் ஒற்றை அடுக்குதான், சில நானோமீட்டர் தடிமன். அதற்கு வெளியே இன்னொரு சவ்வு இருக்கிறது, அதுவும் சுமையில் ஒரு பங்கைத் தாங்குகிறது. கிராம் பாசிட்டிவ் வகையில் வெளிச்சவ்வு கிடையாது. அங்கே சுவர் 20 முதல் 80 நானோமீட்டர் வரை தடித்திருக்கும், டீக்கோயிக் அமிலங்கள் என்ற நீண்ட சங்கிலிகள் ஊடும் பாவுமாகச் செல்லும். 1884இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் வெளியிட்ட சாயமேற்றும் முறை இந்த வேறுபாட்டைத்தான் காட்டுகிறது: கிராம் பாசிட்டிவ் ஊதாவாகவும், ஈ. கோலை போன்ற கிராம் நெகட்டிவ் சிவப்பாகவும் தெரியும். ஏன் அப்படிக் காட்டுகிறது என்பது அவருக்கே அன்று தெரியாது.

படி 3: தாளை மூன்று பகுதிகளாகப் பிரியுங்கள்

புதுத் தாளில் குறுக்கே ஒரு பட்டை வரையுங்கள். பட்டை சவ்வு, கீழே செல்லின் உட்பகுதி, மேலே வெளிப்புறம். மூலப்பொருள் கீழே தயாராகிறது, பட்டையைக் கடக்கிறது, மேலே சுவரில் சேர்கிறது. எந்த நொதியின் பெயரைப் படித்தாலும் முதலில் அது எந்தப் பகுதியில் இருக்கிறது என்று குறியுங்கள். பெயர் மறந்தால்கூட இடம் மறக்காது.

உள்ளே: என்.ஏ.ஜி. யு.டி.பி. என்ற பிடியோடு வருகிறது. மர்-ஏ, மர்-பி நொதிகள் அதை என்.ஏ.எம். ஆக மாற்றுகின்றன. மர்-சி, மர்-டி, மர்-ஈ ஒவ்வொன்றும் ஓர் அமினோ அமிலத்தைச் சேர்க்க, மர்-எஃப் கடைசி இரண்டு டி-அலனின்களையும் ஏற்கெனவே ஒட்டிய ஒரே துண்டாகச் சேர்க்கிறது. ஃபாஸ்ஃபோமைசின் என்ற மருந்து மர்-ஏவை முடக்கும். காசநோய்ச் சிகிச்சையில் பயன்படும் சைக்ளோசெரின், டி-அலனின் இரட்டைத் துண்டு உருவாவதையே தடுக்கும்.

இங்கே ஒரு வரலாற்றுத் துணுக்கு, முறையையும் கற்றுத்தருகிறது. 1949இல் ஜேம்ஸ் பார்க்கும் மார்வின் ஜான்சனும் பெனிசிலின் கொடுத்த ஸ்டஃபைலோகாக்கஸில் ஒரு விசித்திரமான பாஸ்பேட் சேர்மம் குவிவதைக் கண்டார்கள். பின்னர் அதன் அமைப்பு தெளிவானபோது, அது சுவரின் மூலப்பொருள் என்று தெரிந்தது. பொருள் தயாராகிக்கொண்டே இருக்கிறது, எடுத்துக்கொள்ள ஆளில்லை, ஆகவே தேங்குகிறது. தடை எங்கே என்பதைக் கண்டுபிடிக்க, எது தேங்குகிறது என்று பார்ப்பது இன்றும் பயன்படும் வழி.

சவ்வில்: 55 கார்பன் நீளமுள்ள ஒரு கொழுப்பு, சுமைதூக்கியாக வேலை செய்கிறது. அதன் மேல் சுமை ஏற்றும் நொதியை மர்-ஏவோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். இந்த நொதியின் பெயர் எம்ஆர்ஏ-ஒய். அது என்.ஏ.எம். துண்டை, வாலோடு, இந்தக் கொழுப்பின் மேல் ஏற்றினால் லிப்பிட் 1. மர்-ஜி நொதி என்.ஏ.ஜி.யைச் சேர்த்தால் லிப்பிட் 2. மர்-ஜே புரதம் இதைச் சவ்வின் மறுபுறத்துக்குப் புரட்டிவிடுகிறது. துண்டை இறக்கிய கொழுப்பு மறுபடி உள்ளே வந்தால்தான் அடுத்த சுமை ஏறும். பாசிட்ராசின் என்ற மருந்து அந்த வெற்றுக் கொழுப்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஒரு செல்லில் இந்தக் கொழுப்பு மிகக் குறைவு என்பதால் வேலை விரைவிலேயே நின்றுவிடும்.

வெளியே: பாடத்தின் சுவையான பகுதி இதுதான், நிதானமாகப் படியுங்கள். செல்லின் வேலைகளுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூறு சவ்வுக்கு வெளியே கிடையாது. ஆற்றல் இல்லாத இடத்தில் இரண்டு பிணைப்புகள் உருவாக வேண்டும்: சர்க்கரையைச் சர்க்கரையோடு சேர்ப்பது ஒன்று, வாலை வாலோடு தைப்பது இன்னொன்று. முதல் பிணைப்புக்கு லிப்பிட் 2இல் இருக்கும் பைரோபாஸ்பேட் உதவுகிறது. இரண்டாவதற்கு? சிவப்புப் பென்சிலால் குறித்தீர்களே, அந்தக் கடைசி இரண்டு டி-அலனின்கள்! அவற்றுக்கிடையே உள்ள பிணைப்பை உடைத்து, அந்த ஆற்றலை அப்படியே புதிய பிணைப்புக்கு மாற்றிவிடுகிறது தைக்கும் நொதி. முடிந்த சுவரில் நான்கு அமினோ அமிலங்களே மிஞ்சும்போது தொடக்கத்தில் ஏன் ஐந்து என்ற கேள்விக்கு விடை இதுதான். ஐந்தாவது, உள்ளே இருந்தபோதே கட்டிக்கொடுத்து அனுப்பிய ஆற்றல்.

பெனிசிலின் இங்கேதான் புகுகிறது. 1965இல் டிப்பரும் ஸ்ட்ரோமிங்கரும் அதன் உருவம் டி-அலனின் இரட்டையைப் போலவே இருப்பதைச் சுட்டிக்காட்டினார்கள். தைக்கும் நொதி பெனிசிலினை வாலின் முனை என்று நினைத்துப் பிடிக்கிறது. பிடித்ததும் பெனிசிலினின் நான்கு அணு வளையம் திறந்து நொதியிலேயே ஒட்டிக்கொள்கிறது. நொதி பிறகு எதற்கும் உதவாது. இந்த நொதிகளுக்குப் பெனிசிலின் பிணைப்புப் புரதங்கள் என்ற பெயரே இப்படித்தான் வந்தது. வான்கோமைசின் என்ற மருந்து வேறு வழியில் போகிறது. நொதியை விட்டுவிட்டு, டி-அலனின் முனையையே மூடிக்கொள்கிறது. எதிர்ப்புத்திறனும் இதற்கேற்ப இரண்டு வகை. பெனிசிலின் வகை மருந்தான மெத்திசிலினுக்கு அசையாத ஸ்டஃபைலோகாக்கஸ், பெனிசிலின் எளிதில் ஒட்டாத புதிய தைக்கும் நொதி ஒன்றைப் பெற்றிருக்கிறது. வான்கோமைசினை எதிர்க்கும் என்டெரோகாக்கஸ், வாலின் கடைசி டி-அலனினுக்குப் பதிலாக டி-லாக்டேட் வைக்கிறது. அந்த ஒரே மாற்றத்தில் மருந்தின் பிடி ஏறத்தாழ ஆயிரம் மடங்கு தளர்ந்துவிடுகிறது.

இழையை நீட்டும் வேலையைப் பெனிசிலின் பிணைப்புப் புரதங்கள் மட்டுமே செய்கின்றன என்று பழைய நூல்களில் இருக்கும். 2016இல் ராட்-ஏ என்ற புரதமும் இழையைக் கட்டுகிறது என்று தெரியவந்தது. உங்கள் நூல் அதற்கு முந்தையது என்றால் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 4: கத்தரிக்கோலை மறக்காதீர்கள்

மூடிய வலையில் புதிய இழையைச் சேர்க்க வேண்டுமானால் பழைய இணைப்புகள் சிலவற்றை வெட்டத்தான் வேண்டும். அதற்கென்று செல்லிடம் ஒரு கூட்டம் நொதிகள் இருக்கின்றன. ஈ. கோலை ஒரு தலைமுறைக்குள் தன் சுவரில் ஏறத்தாழ பாதியை வெட்டியெடுத்து, துண்டுகளை உள்ளே கொண்டுபோய் மறுபடி பயன்படுத்துகிறது. நம் கண்ணீரில் இருக்கும் லைசோசைமும் இப்படி ஒரு வெட்டும் நொதிதான். 1922இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் அதைப் பற்றி எழுதினார், பெனிசிலினைக் கவனித்தது 1928இல்.

பெனிசிலின் செல்லை ஏன் கொல்கிறது என்பதற்குத் தையல் நின்றுவிட்டது என்பது மட்டும் போதுமான விடை ஆகாது. தைப்பது நின்ற பிறகும் வெட்டுவது நிற்கவில்லை, இழைகள் உருவாகி உருவாகிச் சிதைந்து மூலப்பொருள் வீணாகிறது. வளராமல் உறங்கும் செல்லில் கட்டவும் வெட்டவும் வேலை இல்லை, அங்கே பெனிசிலினால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. 1956இல் ஜோஷுவா லெடர்பர்க் ஈ. கோலைக்குப் பெனிசிலின் கொடுத்து, சுற்றிலும் சர்க்கரைக் கரைசலை வைத்தார். செல்கள் உருண்டையாகி, வெடிக்காமல் நின்றன. உயிரைப் பறிப்பது கடைசியில் நீரின் அழுத்தம்தான் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

படி 5: எங்கே கட்டுவது என்று முடிவெடுப்பவர்களைப் பிடியுங்கள்

இதுவரை பார்த்த நொதிகளுக்குக் கட்டத் தெரியும், எங்கே கட்டுவது என்று தெரியாது. கோல் வடிவச் செல்லில் இரண்டு குழுக்கள் அதை முடிவுசெய்கின்றன.

பக்கச்சுவரை நீட்டும் குழுவுக்குத் தலைமை எம்ஆர்ஈ-பி. இது நம் தசைகளில் உள்ள ஆக்டினுக்கு உறவு. 2001இல் இதை முதலில் பார்த்தபோது செல் முழுவதும் சுருள்கம்பியாக ஓடுகிறது என்று நினைத்தார்கள். 2011இல் வெளிவந்த ஆய்வுகள் அதைத் திருத்தின. சவ்வின் உட்புறம் சிறுசிறு துண்டுகளாக ஒட்டியிருந்து, சுற்றுவாக்கில் நகர்கிறது. நகர்த்துவதும் சுவர் கட்டும் வேலையே, அது நின்றால் இதுவும் நின்றுவிடும். எம்ஆர்ஈ-பி இழை இயல்பிலேயே வளைந்தது, ஆகவே வளைவு அதிகமுள்ள திசையில், அதாவது சுற்றுவாக்கில் போய்ப் படுக்கிறது. புதுச் சுவர் அந்தத் திசையிலேயே சேர்கிறது. கோல் கோலாகவே தொடர்கிறது.

நடுவில் பிரிக்கும் குழுவுக்குத் தலைமை எஃப்டிஎஸ்-இசட், நம் செல்களின் நுண்குழல்களைக் கட்டும் டியூபுலினுக்கு உறவு. செல்லின் நடுவே இது வளையமாகக் கூடுவதை 1991இல் பியும் லுட்கென்ஹவுஸும் காட்டினார்கள். வளையத்தின் இழைகள் ஒரு முனையில் சேர்ந்து மறுமுனையில் உதிர்ந்தபடி சுற்றுகின்றன, குறுக்குச் சுவர் உள்நோக்கி வளர்கிறது. நடு எது என்று எப்படித் தெரியும்? ஈ. கோலையில் மின் (Min) என்ற பெயருள்ள புரதங்கள் ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்வருகின்றன. வளையத்தை விரட்டும் புரதம் முனைகளில் அதிக நேரமும் நடுவில் குறைந்த நேரமும் இருப்பதால் வளையம் நடுவில்தான் நிலைக்கும். மின் புரதங்கள் கெட்டால் முனையில் பிரிந்து, டி.என்.ஏ. இல்லாத குட்டிச் செல்கள் உதிரும்.

1975இல் பிரையன் ஸ்பிராட் செய்த ஆய்வு இந்தப் பிரிவினையை அழகாகக் காட்டியது. பெனிசிலின் பிணைப்புப் புரதங்களில் இரண்டாம் எண்ணை முடக்கினால் செல் உருண்டையாகிறது. மூன்றாம் எண்ணை முடக்கினால் பிரியாமல் நீண்டுகொண்டே போகிறது. ஒரே வகை மருந்து, எந்த நொதியை முதலில் பிடிக்கிறது என்பதைப் பொறுத்து வெவ்வேறு வடிவம்.

ஈ. கோலையை வைத்து எல்லா பாக்டீரியாவையும் எடைபோடாதீர்கள். காசநோய்க் கிருமி பக்கச்சுவரில் வளர்வதில்லை, முனைகளில் வளர்கிறது. எம்ஆர்ஈ-பியே அதற்குக் கிடையாது. ஸ்டஃபைலோகாக்கஸ் பெரும்பாலும் நடுக்குறுக்குச் சுவரில்தான் கட்டுகிறது. கட்டி முடித்ததும் இரு பாதிகளும் சில மில்லிநொடிகளில் தெறித்துப் பிரிகின்றன. காலோபாக்டரின் பிறைவடிவத்துக்குக் கிரெசென்டின் புரதம் காரணம் என்று 2003இல் தெரிந்தது. வயிற்றுப்புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி, வால்களைத் தேர்ந்து வெட்டியே சுருள் வடிவத்தைப் பெறுகிறது. வெட்டும் நொதிகளை நீக்கி நேராக்கிய வகைகள் வயிற்றில் குடியேறத் தடுமாறுகின்றன. மைக்கோபிளாஸ்மாவுக்குச் சுவரே இல்லை. அதற்குப் பெனிசிலின் கொடுத்துப் பயனில்லை என்பதற்குக் காரணம் இனி உங்களுக்கே தெரியும்.

படி 6: நுண்ணோக்கியில் வடிவத்தைப் படியுங்கள்

ஆய்வகத்தில் வடிவம் மாறிய கோல் பாக்டீரியாவைப் பார்த்தால் இப்படி யோசியுங்கள்.

- உருண்டையாகி, ஆனாலும் பிரிந்துகொண்டிருந்தால்: நீட்டும் குழு நின்றிருக்கிறது. மெசிலினம் இரண்டாம் எண் புரதத்தையும், ஏ22 என்ற சேர்மம் எம்ஆர்ஈ-பியையும் இப்படி முடக்கும்.
- பிரியாமல் நீண்ட இழைகளாக இருந்தால்: பிரிக்கும் குழு நின்றிருக்கிறது. செஃபலெக்சின் இப்படிச் செய்யும். டி.என்.ஏ. சேதமடைந்தாலும் செல் பிரிவதைத் தானே ஒத்திப்போடும், ஆகவே மருந்தின் மேல் உடனே பழிபோடாதீர்கள்.
- பக்கத்தில் புடைப்பு தோன்றி அதுவே வெடித்தால்: தையலும் வெட்டும் சமநிலை இழந்திருக்கின்றன.
- முனைகளில் குட்டிச் செல்கள்: மின் புரதங்களைச் சந்தேகியுங்கள்.

ஒரே ஒரு உருண்டைச் செல்லை வைத்து முடிவுக்கு வராதீர்கள். அதே ஊடகத்தில், அதே நேரத்தில் வளர்ந்த மருந்தில்லாத செல்களைப் பக்கத்தில் வைத்து, நிறைய செல்களின் நீள அகலங்களை அளந்து ஒப்பிடுங்கள். வெப்பத்தால் நிலைப்படுத்திய செல்கள் சுருங்கும், அளவெடுக்க உயிருள்ளவை மேல். கிராம் சாயத்தில், பழைய வளர்ப்பில் உள்ள கிராம் பாசிட்டிவ் செல்கள் சுவர் சிதைந்து சிவப்பாகத் தெரியலாம். ஆல்கஹால் சற்று அதிக நேரம் இருந்துவிட்டாலும் அப்படியே. சந்தேகம் வந்தால் இளம் வளர்ப்பில் மறுபடி செய்யுங்கள்.

சுவர் எங்கே வளர்கிறது என்பதையே பார்க்க விரும்பினால் 2012 முதல் புழக்கத்துக்கு வந்த ஒளிரும் டி-அமினோ அமிலங்கள் இருக்கின்றன. வாலின் டி-அலனினை இடம்பெயர்த்துச் சுவரில் புகுந்துகொள்வதால் புதுக்கட்டுமானம் நடக்கும் இடம் ஒளிரும். நேரத்தில்தான் கவனம் வேண்டும். ஈ. கோலைக்குச் சில நிமிடங்கள் கொடுத்துக் கழுவிவிட்டால் பக்கச்சுவரில் புள்ளிகளும் நடுவில் பட்டையும் தெரியும். ஒரு முழுத் தலைமுறை விட்டுவைத்தால் செல் முழுவதும் சீராக ஒளிரும், வளர்ச்சி எங்கே என்று அதிலிருந்து எதுவும் படிக்க முடியாது.